வெப்சைட் போட்டாச்சு, ஆள் வரவில்லையே! சின்ன பட்ஜெட்டில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தளம் தயாராகி ஒரு மாதம் ஆகிறது. இதுவரை அதைத் திறந்து பார்த்தவர்கள் நீங்களும், வீட்டில் இருப்பவர்களும், அதைச் செய்து கொடுத்தவரும்தான். அந்த நேரம் பார்த்து ஒரு போன் வரும்: "சார், உங்க வெப்சைட்டை கூகுள்ல ஃபர்ஸ்ட் பேஜுக்குக் கொண்டு வர்றோம். மாசாமாசம் இவ்வளவு கட்டினா போதும்." பணம் கட்டும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கூகுளில் முதல் இடம் பிடித்துத் தருவதாக உத்தரவாதம் கொடுக்க யாராலும் முடியாது. கூகுளே தன் உதவிப் பக்கங்களில் இதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

சிறு தொழில் செய்பவர்களுக்குத் தளம் அமைத்துக் கொடுத்துப் பராமரிப்பதுதான் என் வேலை. இதில் எனக்கு உறுதியாகப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு: கையில் பணம் குறைவாக இருக்கும்போது, வாடிக்கையாளர் உங்களிடம் வாய்விட்டுக் கேட்கும் கேள்விகள்தான் உங்கள் முதலீடு. விளம்பரம் காசு தீர்ந்த நிமிடமே நின்றுவிடும். ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் பக்கம் வருடக்கணக்கில் ஆளைக் கூட்டி வரும். கீழே சொல்லும் வேலைகளை வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் ஒதுக்கி நீங்களே செய்யலாம். புரிவதற்காக, வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் ஒருவரின் தளத்தை எல்லா இடத்திலும் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில், உங்கள் தளம் கூகுளின் கண்ணில் படுகிறதா?

கூகுள் தேடல் பெட்டியில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போட்டுத் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் கூகுள் அவற்றைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுகூட வரவில்லை என்றால் வேறு எந்த வேலையையும் தொடங்காதீர்கள். முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும்.

என் அனுபவத்தில் மனம் மிகவும் வருந்தியது இப்படி ஒரு தளத்தைப் பார்த்தபோதுதான். உரிமையாளர் நான்கு மாதமாக இரவெல்லாம் உட்கார்ந்து கட்டுரை கட்டுரையாக எழுதியிருந்தார். ஒரு வருகைகூட இல்லை. தளத்தை அமைத்திருந்தது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில். அதன் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) 'ரீடிங்' என்றொரு பகுதி உண்டு. அங்கே 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்' என்ற பொருளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தளம் கட்டுமானத்தில் இருக்கும்போது அதில் டிக் போடுவது வழக்கம். வேலை முடிந்து ஒப்படைத்தபோது அந்த டிக்கை எடுக்க மறந்திருக்கிறார்கள். கடையைச் சுற்றி விளக்குப் போட்டு ஷட்டரை இறக்கியே வைத்திருந்த கதை. ஒரு கிளிக்கில் சரியாகிவிட்டது, ஆனால் அந்த நான்கு மாதம் போனது போனதுதான். உங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்றால் இப்போதே அந்தக் கட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் கணக்குத் தொடங்குங்கள். முழுக்க இலவசம். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க, டொமைன் (உங்கள் தள முகவரி) வாங்கிய இடத்தில், அந்த முகவரிக்கான அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ் பகுதிக்குப் போய், சர்ச் கன்சோல் கொடுக்கும் ஒரு வரியை ஒட்ட வேண்டும். கை நடுங்கினால் தளம் செய்தவரைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள், ஆனால் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். பிறகு 'சைட்மேப்ஸ்' பகுதியில் உங்கள் சைட்மேப்பின், அதாவது தளத்தின் பக்கங்களை வரிசைப்படுத்தும் கோப்பின், முகவரியைக் கொடுங்கள். புதிதாக எழுதிய பக்கம் பட்டியலில் ஏறிவிட்டதா என்பதை, அதன் முகவரியை மேலே உள்ள பெட்டியில் ஒட்டித் தெரிந்துகொள்ளலாம். பிங் தேடுபொறிக்கும் இதே போன்ற கருவி இருக்கிறது. கூகுளில் செய்ததை அப்படியே இறக்குமதி செய்யும் வசதி அதில் உண்டு, பத்து நிமிட வேலை.

கையோடு தளத்தை உங்கள் போனில் திறந்து பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில். கூகுள் இப்போது தளங்களை மொபைல் வடிவத்தை வைத்துத்தான் படிக்கிறது. பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அது வைத்திருக்கும் அளவு. 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' என்ற இலவசக் கருவி இதை அளந்து சொல்லும். அது காட்டும் நீண்ட பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். சின்னத் தளங்களில் பெரும்பாலும் படங்கள்தான் குற்றவாளி. போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, 'வெப்பி' வடிவத்தில் சேமித்தால் 200 கேபிக்குள் வந்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு, போனில் கூப்பிடுகிறவர்கள், நேரில் வருகிறவர்கள், வாட்ஸ்அப்பில் கேட்பவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். திருத்தி எழுதக் கூடாது. தொழில் தெரிந்தவர் "ட்ரெயின் பம்ப் கோளாறு" என்பார். வீட்டில் இருப்பவர் "மெஷின்ல தண்ணி போகவே மாட்டேங்குது, துணி எல்லாம் உள்ளேயே நிக்குது" என்பார். தேடல் பெட்டியில் தட்டுகிறவர் இரண்டாமவர்தான். ட்ரெயின் பம்ப் என்ற பெயர் அவருக்குத் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை அவருக்கே புரிந்திருக்கும்.

நோட்டில் இருபது கேள்வி சேர்ந்ததும், ஒவ்வொன்றையும் கூகுளில் பாதி தட்டி நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் மற்றவர்கள் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருபவை. முடிவுகளுக்கு நடுவே 'மற்றவர்கள் கேட்பவை' என்று வரும் கேள்விகளையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் எந்த மொழியில், எந்த எழுத்தில் தட்டுகிறார்களோ அதையும் கவனியுங்கள். தேடல் வார்த்தைகளை (கீவேர்ட்) கண்டுபிடித்துத் தரும், காசு கட்டி வாங்கும் கருவிகள் இந்தக் கட்டத்தில் தேவையே இல்லை.

இப்போது ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். முகப்புப் பக்கத்திலேயே எல்லாவற்றையும் திணிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. "நாங்கள் தரமான சேவையை நியாயமான விலையில் வழங்குகிறோம்" என்ற வரியை யாரும் தேடுவதில்லை.

அந்தத் தண்ணீர் கேள்வியையே எடுத்து ஒரு பக்கம் எழுதிப் பார்ப்போம். தலைப்பு: 'வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லையா? நீங்களே பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்'. முதல் பத்தியிலேயே பதில் வந்துவிட வேண்டும். நிறுவன வரலாறு எல்லாம் பிறகு. ஃபிரண்ட் லோடு மெஷின் என்றால் பெரும்பாலும் முன்பக்கம் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்குள் பம்ப் ஃபில்டர். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆற விடுங்கள். கீழே பழைய துண்டும் தட்டையான பாத்திரமும் வைத்து, ஃபில்டரை மெதுவாகத் திருகினால் தேங்கிய தண்ணீர் வரும். உள்ளே நாணயம், சட்டைப் பொத்தான், ஹேர்பின், நூல் பஞ்சு ஏதாவது சிக்கியிருக்கும். இரண்டாவது, மெஷினுக்குப் பின்னால் போகும் குழாய் சுவரோடு நசுங்கி மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, அந்தக் குழாய் போய்ச் சேரும் கழிவுநீர் வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் பம்ப் ரீங்கரித்துக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் போகவில்லை என்றால், அல்லது சத்தமே வரவில்லை என்றால், அது நீங்கள் கை வைக்கும் வேலை இல்லை, கூப்பிடுங்கள். அதற்குக் கீழேயே போன் எண், தொட்டால் அழைப்பு போகும்படி. எந்தெந்தப் பகுதிக்கு வருவீர்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

படங்களை நெட்டிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் கையில், நீங்கள் பிரித்த மெஷினின் ஃபில்டரில், நாணயம் சிக்கியிருக்கும் படம் ஒன்று போதும். பார்க்கிறவருக்கு நம்பிக்கை வருவது அந்தப் படத்தில்தான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டா யார் என்னைக் கூப்பிடுவாங்க?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஃபில்டரைத் தானே சுத்தம் செய்துகொள்பவர் எப்படியும் உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டார். செய்து பார்த்துச் சரியாகாதவர் அடுத்து வேறு ஆளைத் தேடப் போவதில்லை. திறந்திருக்கும் பக்கத்தில் இருக்கும் எண்ணைத்தான் தொடுவார்.

எழுதி முடித்ததும் இரண்டு சின்ன வேலை உண்டு. பக்கத்தின் தலைப்பு வரி, அதாவது தேடல் முடிவில் நீல எழுத்தில் வருவது, கேள்வியின் முக்கிய வார்த்தைகளோடு தொடங்கட்டும். பிறகு, ஏற்கெனவே எழுதிய பக்கங்களிலிருந்து இதற்கு ஒரு லிங்க் கொடுங்கள். லிங்க் இல்லாத பக்கத்தைக் கூகுள் கண்டுபிடிக்கத் தாமதமாகும். பார்ப்பவருக்குத் தெரியாமல் பக்கத்துக்குள் இருக்கும் 'மெட்டா கீவேர்ட்ஸ்' பெட்டியில் நூறு வார்த்தை நிரப்பச் சொல்லி யாராவது அறிவுரை தந்தால் விட்டுவிடுங்கள். அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. ஏஐ கருவியில் ஒரே நாளில் ஐம்பது கட்டுரை எடுத்துப் போடும் யோசனையும் வேண்டாம். தரவரிசைக்காக மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை, எழுதியது மனிதரோ இயந்திரமோ, ஸ்பேம் என்று கருதுவதாகக் கூகுள் 2024 மார்ச்சில் விதி கொண்டு வந்திருக்கிறது. வாரம் ஒரு பக்கம் போதும். மூன்று மாதத்தில் பன்னிரண்டு ஆகிவிடும்.

மேப்பில் உங்கள் பெயர்

வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழில் என்றால், கூகுள் மேப்பிலும் தேடலிலும் உங்கள் தொழிலைக் காட்டும் 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' கட்டாயம். 2021 வரை 'கூகுள் மை பிசினஸ்' என்று இருந்ததுதான் இது, இலவசம். கடை இல்லாமல் வீடு வீடாகப் போய் வேலை செய்பவர்கள் முகவரியை மறைத்து, சேவை தரும் பகுதிகளை மட்டும் காட்டலாம். உங்கள் தொழில்தான் என்று உறுதிசெய்யப் பல நேரம் வீடியோ கேட்பார்கள். பெயர்ப் பலகை, கருவிகள், வேலை செய்யும் இடம் ஆகியவற்றை ஒரே ஓட்டத்தில் எடுத்து அனுப்புங்கள்.

உள்ளூர் முடிவுகளுக்குக் கூகுள் சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடியதற்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்தவர் என்பது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. பொருத்தத்துக்கு முதன்மை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 'எலக்ட்ரானிக்ஸ்' என்று பொதுவாகப் போடாமல், பட்டியலில் உங்கள் தொழிலுக்கு மிக நெருங்கிய வகையைப் போடுங்கள். தொழிலின் பெயரோடு 'நம்பர் ஒன் சர்வீஸ்' என்று கீவேர்ட் சேர்க்க வேண்டாம், கணக்கே முடங்கலாம்.

மூன்றாவது அளவுகோலுக்கு ரிவ்யூ பெரிய பலம். வேலை முடிந்து மெஷின் ஓடுவதை வாடிக்கையாளர் பார்த்துச் சிரிக்கும் அந்த நிமிடம்தான் கேட்க வேண்டிய நேரம். "ஒரு ரிவ்யூ போட்டீங்கன்னா உதவியா இருக்கும், லிங்க் அனுப்புறேன்" என்று சொல்லி அங்கேயே அனுப்பிவிடுங்கள். பரிசோ தள்ளுபடியோ கொடுத்து வாங்குவது விதிமீறல். திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதையும் கூகுள் அனுமதிப்பதில்லை. குறை சொல்லி ஒருவர் எழுதினால் ஒரு நாள் பொறுத்து, மரியாதையாக, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிப் பதில் போடுங்கள். அடுத்து வருகிறவர்கள் படிப்பது உங்கள் பதிலைத்தான்.

அடுத்தவர் தளத்திலிருந்து ஒரு லிங்க்

ஒரு தளம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் லிங்கை ஒரு பரிந்துரையாக எண்ணிப் பார்த்ததில்தான் கூகுள் 1998-இல் மற்ற தேடுபொறிகளிலிருந்து விலகி நின்றது. இன்றும் லிங்குக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் "ஆயிரம் லிங்க் வாங்கித் தருகிறோம்" என்று வியாபாரம் நடக்கிறது. வாங்காதீர்கள். 2012-இல் கூகுள் தன் தரவரிசை முறையில் 'பென்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டு வந்தபோது, இப்படி லிங்க் சேர்த்த பல தளங்கள் தேடலில் வெகுவாகப் பின்னுக்குப் போயின.

காசில்லாமல் கிடைக்கும் லிங்குகள் உங்களைச் சுற்றியே இருக்கின்றன. நீங்கள் உதிரிபாகம் வாங்கும் விநியோகஸ்தரின் தளத்தில் சர்வீஸ் செய்பவர்கள் பட்டியல் இருக்கலாம். தொழில் சங்கத்தின் உறுப்பினர் பக்கம் இருக்கலாம். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் உங்களுக்குப் போட்டி இல்லை, அவர்களின் வாடிக்கையாளர்களுக்கும் வாஷிங் மெஷின் உண்டு. "உங்க பக்கத்துல என்னைப் பத்தி ஒரு வரி போடுங்க, என் பக்கத்துல உங்களைச் சொல்றேன்" என்று தெரிந்தவர் ஒருவர் இருவரிடம் கேட்பதில் தவறில்லை. அதையே ஐம்பது பேரோடு ஒப்பந்தம் போல் செய்தால்தான் வம்பு.

சமூக ஊடகம்: அகல உழுவதை விட ஆழ உழு

ஐந்து இடத்தில் கணக்குத் தொடங்கி ஐந்தையும் பாதியில் விட வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர்கள் இருக்கும் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். செய்து காட்டக்கூடிய வேலை என்றால் யூடியூபைத்தான் சொல்வேன், காரணம் அங்கேயும் மக்கள் கேள்வியைத் தட்டித்தான் தேடுகிறார்கள். ஃபில்டரைக் கழற்றும் இரண்டு நிமிட வீடியோ, விளக்கத்தில் உங்கள் பக்கத்தின் லிங்க். அதே வீடியோவைப் பக்கத்திலும் வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே வேலை கொடுத்தவர்களை மறக்காதீர்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும், ஆகவே வேலை முடிந்ததும் "நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்று சொல்லும் பழக்கம் வேண்டும். மாதம் ஒன்று அனுப்பினால் போதும், அதுவும் பயனுள்ளதாக. கேட்காதவருக்கு அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்.

விளம்பரம்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

நான்கைந்து நல்ல பக்கங்கள் தயாரான பிறகுதான் கூகுள் விளம்பரத்துக்குப் போக வேண்டும். இழந்தாலும் பாதிக்காத ஒரு தொகையை மட்டும் ஒதுக்குங்கள். தினசரி பட்ஜெட் என்று நீங்கள் போடும் தொகையைப் போல் இரு மடங்கு வரை கூகுள் ஒரே நாளில் செலவழிக்கலாம். மாத மொத்தம் அந்தத் தொகையின் 30.4 மடங்கை (ஒரு மாதத்தின் சராசரி நாட்கள்) தாண்டாது. இது தெரியாமல் முதல் நாளே பதறி நிறுத்தியவர்கள் நிறையப் பேர்.

அமைக்கும்போது நான்கு இடங்களில் காசு ஒழுகும். ஒன்று, சர்ச் விளம்பரம் போடும்போது டிஸ்ப்ளே நெட்வொர்க்கும் (மற்ற தளங்களிலும் ஆப்களிலும் வரும் விளம்பரம்) சர்ச் பார்ட்னர்களும் (கூகுளோடு சேர்ந்த மற்றத் தேடல் தளங்கள்) சேர்ந்தே டிக் ஆகியிருக்கும், இரண்டையும் எடுங்கள். இரண்டு, இடத் தேர்வில் 'அந்தப் பகுதியில் இருப்பவர்கள் அல்லது அதில் ஆர்வம் உள்ளவர்கள்' என்பதுதான் இயல்பாக இருக்கும். 'இருப்பவர்கள்' மட்டும் என்று மாற்றுங்கள். மூன்று, கீவேர்டை வெறுமனே போட்டால் சம்பந்தமில்லாத தேடல்களுக்கும் விளம்பரம் போகும். சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் அதே பொருளுள்ள தேடல்களுக்கு மட்டும் காட்டும். நான்கு, நெகட்டிவ் கீவேர்ட், அதாவது எந்த வார்த்தைகளுக்கு விளம்பரம் காட்ட வேண்டாம் என்ற பட்டியல். 'வேலைவாய்ப்பு', 'பயிற்சி', 'விலை', 'செகண்ட் ஹேண்ட்' என்று தேடுபவர் பழுதுக்கு ஆள் தேடவில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை 'சர்ச் டெர்ம்ஸ்' அறிக்கையைத் திறந்து, எந்தத் தேடலுக்குக் காசு போனது என்று பார்த்து, வேண்டாதவற்றை இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

விளம்பரத்தைத் தொட்டவர் முகப்புக்குப் போகக் கூடாது. தண்ணீர் போகவில்லை என்று தேடியவர் தண்ணீர் பக்கத்துக்கே போக வேண்டும். நீங்கள் போன் எடுக்க முடியாத நேரத்தில் விளம்பரம் ஓடாதபடி நேரத்தையும் குறித்துவிடுங்கள்.

எதை எண்ணுவது?

எத்தனை பேர் வந்தார்கள் என்பது மனதுக்குச் சந்தோஷம் தரும் எண், அவ்வளவுதான். எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்பதை நோட்டில் குறியுங்கள். கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் "எங்களை எப்படித் தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸ் இருப்பது நல்லதுதான், ஆனால் தொடக்கத்தில் இந்தக் கேள்வி அதைவிட அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலின் 'பெர்ஃபார்மன்ஸ்' அறிக்கையில் உட்காருங்கள். 16 மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். சராசரி இடம் 8 முதல் 20 வரை இருக்கும் தேடல்களைப் பிரித்தெடுங்கள். முதல் பக்கத்தின் அடியிலோ இரண்டாம் பக்கத்திலோ தட்டுத் தடுமாறி நிற்பவை இவை. உதாரணமாக 'வாஷிங் மெஷின் சத்தம் அதிகமா வருது' என்பதற்கு உங்கள் தண்ணீர் பக்கம் பன்னிரண்டாம் இடத்தில் வருகிறது என்றால், கூகுள் உங்களிடம் வேறு பக்கம் இல்லாததால் அதைக் காட்டுகிறது. சத்தத்துக்கென்று தனிப் பக்கம் எழுத வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடைக்காது. பலமுறை காட்டப்பட்டும் யாரும் தொடவில்லை என்றால் தலைப்பு வரியை மாற்றிப் பாருங்கள்.

பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்று கூகுளைச் சேர்ந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் எதுவும் அசையாமல் இருக்கும். அந்தக் காலத்தில் மனம் விட்டுப் போய் நிறுத்துகிறவர்களைப் பார்த்து எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் கடினமான பகுதியை அவர்கள் ஏற்கெனவே முடித்திருப்பார்கள்.

பிறகு ஒரு நாள் வேலை பெருகி, இதையெல்லாம் பார்க்க ஆள் வைக்கும் நிலை வரலாம். அப்போது டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் கணக்கு), சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல், விளம்பரக் கணக்கு ஐந்தும் உங்கள் மின்னஞ்சலிலேயே இருக்க வேண்டும்; வருகிறவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். டொமைன் புதுப்பிக்க வேண்டிய தேதியை இன்றே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, போனிலும் ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.